தண்ணீரைத் தொட்டால் புகையும் திரவமும் பாட்டியின் பால்மரமும்

கேள்வி: “ஐயா, நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரில் ஆறாம் படிவம் படிக்கிறேன். டைட்டேனியம் டெட்ராகுளோரைடு ஈரக் காற்றில் புகையும், கார்பன் டெட்ராகுளோரைடு புகையாது என்று பாடத்தில் வருகிறது. இரண்டிலும் நாலு குளோரின்தானே, ஏன் இந்த வேறுபாடு? பக்கத்தில் இருந்த என் பாட்டி, பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், ‘அதை வைத்து என்னதான் செய்வார்கள்?’ என்று கேட்டார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.”

பதில்:

பாட்டியிடம் முதலில் இதைச் சொல்லிவிடு, மா. அவர் விடிகாலையில் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், பிடித்த பாலுக்குள் இருக்கும் ரப்பரை, மரமே இல்லாமல், கிட்டத்தட்ட அதே வடிவில் ஆலையில் செய்ய 1954இல் வழி திறந்துவிட்டது இந்த டைட்டேனியம் டெட்ராகுளோரைடு என்ற திரவம். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி நேரம் செலவழித்துப் படிக்க வேண்டிய குளோரைடு எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டைட்டேனியம் உலோகம். உலோகக் குளோரைடு என்றதும் நம் மனதில் வருவது சமையல் உப்பு போன்ற கட்டியான பொருள். உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். டைட்டேனியம் டெட்ராகுளோரைடு அந்தச் சாதியே இல்லை. தண்ணீர் போல நிறமில்லாமல் ஓடும் திரவம் அது. தண்ணீரை விட ஏறக்குறைய 1.7 மடங்கு கனம். கொதிப்பது 136 டிகிரியில், உறைவது மைனஸ் 24 டிகிரியில். காரணம், அதன் பிணைப்புகள் எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்ளும் பிணைப்புகள். நடுவில் ஒரு டைட்டேனியம், நான்முகியின் நாலு மூலையில் நாலு குளோரின், அவ்வளவுதான் ஒரு மூலக்கூறு. ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனி, பக்கத்து மூலக்கூறோடு பெரிய ஒட்டுறவு கிடையாது. கார்பன் டெட்ராகுளோரைடும் இதே வடிவம்தான். அதனால்தான் உன் கேள்வி நல்ல கேள்வி.

பல மாணவர்கள் “கார்பன் டெட்ராகுளோரைடு தண்ணீரோடு சேர விரும்பாது” என்று எழுதுகிறார்கள். அது தவறு. ஆற்றல் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுவும் தண்ணீரோடு வினைபுரிவது லாபம்தான். ஆனால் போகும் வழி அடைத்திருக்கிறது. கார்பனை நாலே அறை உள்ள சின்ன வீடு என்று வைத்துக்கொள். நாலிலும் ஆள் இருக்கிறார்கள், வெளியே நாலு பெரிய குளோரின் அணுக்கள் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீரின் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் இறக்கி வைக்க இடமில்லை.

டைட்டேனியம் பெரிய வீடு. குளோரின்களுக்கு இடையே சந்து இருக்கிறது. உள்ளே டி ஆர்பிட்டால்கள் என்ற ஐந்து எலக்ட்ரான் அறைகள் இருக்க, டைட்டேனியத்துக்குச் சொந்தமான எலக்ட்ரான் ஒன்றுகூட அவற்றில் மிச்சமில்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேரோடு நிற்கும் அணு, ஆறு பேர் வரை தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும். தண்ணீரின் ஆக்சிஜன் நேராக வந்து ஒட்டுகிறது. ஒட்டியதும் தண்ணீரின் ஒரு ஹைட்ரஜனும் ஒரு குளோரினும் கைகோத்து ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறுகின்றன. இது திரும்பத் திரும்ப நடந்து நாலு குளோரினும் போய்விட்டால் மிஞ்சுவது வெள்ளை டைட்டேனியம் டைஆக்சைடு. நீ பார்க்கும் புகை அந்த வெள்ளைத் தூளும், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு துளியாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தது. சிலிக்கான் டெட்ராகுளோரைடு புகைவதும் இதே போல இடம் இருப்பதால்தான். தேர்வில் “காலியான ஆர்பிட்டால், பெரிய மைய அணு, தண்ணீரின் தனி எலக்ட்ரான் ஜோடி, நாலிலிருந்து ஆறு வரை விரியும் திறன்” என்ற நாலையும் எழுதிவிடு. எலக்ட்ரான் ஜோடியை ஏற்றுக்கொள்ளும் இந்தக் குணத்துக்கு லூயிஸ் அமிலம் என்று பெயர். அந்த “காலி இடம்” என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள், கடைசியில் ரப்பருக்கு வரும்போது தேவைப்படும்.

நம் ஊர்க் காற்றில் இது எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கு. மழை பெய்து ஓய்ந்த விடியலில், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் நேரத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்குக் குறையாமல் தண்ணீர் ஆவியாக இருக்கும். ஒரு மோல் டைட்டேனியம் டெட்ராகுளோரைடுக்கு இரண்டு மோல் தண்ணீர் போதும். போட்டுப் பார்த்தால் அந்த 20 கிராம் ஈரம் ஏறக்குறைய 100 கிராம் திரவத்தைத் தின்று தீர்த்துவிடும். வறண்ட ஊரில் மெல்ல நூல்விடும் புகை, இங்கே மூடியைத் தளர்த்தியதும் மேகமாக வரும்.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஒரு நாள், கூடப் படித்தவர் பீக்கரைக் கழுவிவிட்டுச் சரியாக உலர்த்தாமல் அதில் இந்தத் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றினார். சீறிக்கொண்டு கொதித்தது. அறை முழுக்க வெள்ளைப் புகை. தொண்டை எரிந்து எல்லாரும் வெளியே ஓடினோம். அவர் மணிக்கட்டில் தெறித்த இடத்தை ஓடிப்போய்க் குழாயில் நீட்டினார், காயம் பெரிதானது. தண்ணீர் படும்போது உண்டாகும் சூடும் அமிலமும் சேர்ந்து சுடுகின்றன. அதனால் இது தோலில் பட்டால் முதலில் காய்ந்த துணியால் சட்டென ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம்தான் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக இல்லாமல் வெள்ளமாக, நிறுத்தாமல். அவருக்கு அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. ஒரு மோல், அதாவது 190 கிராம் திரவம் என்பது சுமார் 110 மில்லிலிட்டர், ஒரு சின்னத் தேநீர்க் குவளை அளவு. அது முழுதும் தண்ணீரோடு சேர்ந்தால் ஏறக்குறைய 100 லிட்டர் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். பழைய புட்டியின் கழுத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால், ஈரம் உள்ளே நுழைந்து மூடியை ஒட்டவைத்திருக்கிறது, உள்ளே வாயு அழுத்திக்கொண்டிருக்கலாம் என்று அர்த்தம். அதை யாரும் கையால் திருகித் திறக்கக் கூடாது, தொட்டியிலும் கொட்டக் கூடாது.

இது எங்கிருந்து வருகிறது என்பது நமக்கு இன்னும் நெருக்கமான கதை. பீடோரைச் சுற்றி இருக்கும் ஈயக்குட்டைகளை, அதாவது வெள்ளீயம் தோண்டிய குட்டைகளை, பார்த்திருப்பாய். ஈயச் சுரங்கத்தில் மண்ணை அலசி ஈயத்தாதுவை எடுத்தபின் மிஞ்சும் கனமான கறுப்பு மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் நிறைய இருப்பது இல்மெனைட், அதாவது இரும்பும் டைட்டேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. கூடவே சிர்கான் இருக்கும், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உள்ள மோனசைட்டும் இருக்கும், அதனால் அதைக் கவனமாகக் கையாள வேண்டும். தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடப்பதும் இதே உறவுக்காரக் கறுப்பு மணல்தான்.

இல்மெனைட்டில் உள்ள இரும்பு குளோரினை வீணாகத் தின்னும் என்பதால், பெரும்பாலும் ரூட்டைல் என்ற தூய டைட்டேனியம் டைஆக்சைடு தாதுவை, அல்லது இல்மெனைட்டிலிருந்து இரும்பை நீக்கிச் செய்த செயற்கை ரூட்டைலை எடுத்துக்கொள்கிறார்கள். ஈப்போ வட்டாரத்தில் அந்தச் செயற்கை ரூட்டைல் செய்யும் தொழிலே நடந்திருக்கிறது. தாதுவோடு கரித்தூளைக் கலந்து, 1,000 டிகிரி அளவு சூட்டில், கீழிருந்து குளோரின் வாயுவை ஊதினால் தூள் முழுதும் மிதந்து கொதிப்பது போல் ஆடும். கரி ஆக்சிஜனைப் பிடுங்கும், குளோரின் டைட்டேனியத்தைப் பிடித்துக்கொள்ளும், டைட்டேனியம் டெட்ராகுளோரைடு ஆவியாக மேலே வரும்.

இங்கேதான் அது திரவமாக இருப்பதன் அருமை. திரவம் என்றால் காய்ச்சி வடிக்கலாம். இரும்புக் குளோரைடு 300 டிகிரிக்கு மேல்தான் ஆவியாகும், அது பின்தங்கிவிடும். சிலிக்கான் டெட்ராகுளோரைடு 57 டிகிரியிலேயே முன்னால் ஓடிவிடும். தொல்லை கொடுப்பது வனேடியம் ஒன்றுதான். அதன் ஆக்சிகுளோரைடு 127 டிகிரியில் கொதிக்கிறது, 136க்கு மிகப் பக்கம், வடித்தால் கூடவே வந்து திரவத்தை மஞ்சளாக்கிவிடும். அதனால் செம்பு அல்லது எண்ணெய் சேர்த்து வனேடியத்தை ஆவியாகாத கசடாக மாற்றி விலக்குகிறார்கள். கறுப்பு மணலில் தொடங்கியது இப்போது கண்ணாடி போலத் தெளிந்த திரவம்.

இதில் மிகப் பெரிய பங்கு வெள்ளை நிறத்துக்குப் போகிறது. தெளிந்த திரவத்தை ஆவியாக்கிச் சுடச்சுட ஆக்சிஜனோடு எரித்தால் டைட்டேனியம் டைஆக்சைடு தூளாக விழும், குளோரின் திரும்பக் கிடைக்கும், அதைத் தாதுவுக்கே அனுப்பிவிடலாம். கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் சவறாவில் உள்ள ஆலை இந்தக் குளோரைடு வழியில் ஓடுகிறது. நம் மலேசியாவில் தெரெங்கானு கெமாமானில் தெலுக் காலோங்கில் கட்டிய ஆலை வேறு வழி, இல்மெனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைப்பது. எந்த வழியில் வந்தாலும் உன் வீட்டுச் சுவர்ச் சாயம், வெள்ளை பிளாஸ்டிக் வாளி, ரப்பர்க் கையுறையின் வெண்மை எல்லாம் இதே ஆக்சைடுதான். வைரத்தை விட அதிகமாக ஒளியை வளைப்பதால் மெல்லிய பூச்சே அடியில் உள்ளதை மறைத்துவிடும். உணவில் சேர்ப்பதை மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது.

அப்புறம் உலோகம். டைட்டேனியத்தை முதலில் அடையாளம் கண்டது 1791இல், இங்கிலாந்தின் கார்ன்வாலில், வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார். அதுவும் வெள்ளீயம் தோண்டிய ஊர், அவர் கையில் எடுத்ததும் கறுப்பு மணல். ஆனால் அதைச் சுத்தமான உலோகமாக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. இரும்பைப் போலக் கரியைப் போட்டு உருக்கினால் டைட்டேனியம் கரியையே பிடித்துக்கொண்டு கார்பைடு ஆகிவிடும். ஆக்சைடை விட்டுவிட்டுக் குளோரைடு வழியாகச் சுற்றிப் போனவர்களுக்குத்தான் கிடைத்தது. 1910இல் மாத்யூ ஹண்டர் சோடியத்தால் குளோரினைப் பிடுங்கினார். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் கிரால் மெக்னீசியத்தைப் பயன்படுத்தி 1940இல் காப்புரிமை பெற்றார். காற்றை அடியோடு விலக்கி, ஆர்கான் வாயுவுக்குள் 800 டிகிரிக்கு மேல் உருகிய மெக்னீசியத்தில் இந்தத் திரவத்தை விடுகிறார்கள். மெக்னீசியம் குளோரைடு ஒரு பக்கம், ஓட்டை ஓட்டையாகக் கடற்பஞ்சு போன்ற டைட்டேனியம் ஒரு பக்கம். இன்றும் உலகத்தில் பெரும்பாலும் கிராலின் வழிதான். விமான எஞ்சின், எலும்பு முறிந்தால் வைக்கும் தகடு, பல் ஊன்றும் திருகு எல்லாம் ஒரு கட்டத்தில் அந்தப் புகையும் திரவமாக இருந்தவைதான்.

இனி பாட்டியின் மரத்துக்கு வருவோம்.

பால்மரத்து ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற ஐந்து கார்பன் உறுப்பு ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு உறுப்பிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. இரட்டைப் பிணைப்பு இரண்டு ஆணி அடித்த பலகை மாதிரி, முறுக்கித் திருப்ப முடியாது. சங்கிலி அந்தப் பலகைக்குள் நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் ஒன்றாக இருந்தால் அது சிஸ். எதிரெதிராக இருந்தால் டிரான்ஸ். சிஸ் சங்கிலி வளைந்து நெளிந்து சுருண்டு கிடக்கும், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். டிரான்ஸ் சங்கிலி நேராக நீண்டு ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு கட்டியாகிவிடும். அந்த டிரான்ஸும் நம் மலாயாக் காட்டில் விளைந்ததுதான், தாபான் மரத்துப் பால், உலகம் அதை கட்டா பெர்ச்சா என்று சொன்னது. கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட அந்த மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ஒரே ஐசோப்ரீன், திரும்பும் பக்கம் மட்டும் வேறு. ஒன்று டயர், மற்றது கம்பியுறை.

ஐசோப்ரீனைச் சங்கிலியாக்குவது மனிதனுக்கு முன்பே தெரியும். ஆனால் சிஸ்ஸும் டிரான்ஸும் வேறு வடிவங்களும் கலந்து பிசுபிசுவென்று வரும், மரத்து ரப்பர் மாதிரி வராது. 1953இல் ஜெர்மனியின் முல்ஹைமில் கார்ல் சீக்லர், டைட்டேனியம் டெட்ராகுளோரைடை அலுமினியம் சேர்ந்த ஒரு கரிமச் சேர்மத்தோடு கலந்து, எத்திலீனைச் சாதாரண அழுத்தத்திலேயே பாலிஎத்திலீன் ஆக்கினார். அதற்கு முன் அதற்கு ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் தேவைப்பட்டது. மறு வருடம் இத்தாலியில் ஜூலியோ நாட்டா அந்த வகைக் கலவையை வினையூக்கியாக, அதாவது வினையை விரைவாக்கும் பொருளாக, வைத்து ஒழுங்கான பாலிப்ரொபிலீன் செய்தார். இருவருக்கும் 1963இல் நோபல் பரிசு. இன்று நீ சோறு வாங்கிவரும் பிளாஸ்டிக் டப்பா பெரும்பாலும் பாலிப்ரொபிலீன். அதைச் செய்யும் வினையூக்கியில் மெக்னீசியம் குளோரைடின் மேல் டைட்டேனியம் டெட்ராகுளோரைடு படிந்திருக்கும்.

அதே 1954இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்து வேதியியலாளர்கள் எத்திலீனுக்குப் பதில் ஐசோப்ரீனை விட்டார்கள். டைட்டேனியமும் அலுமினியமும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் 95 சதவீதத்துக்கு மேல் சிஸ் சங்கிலியாக வந்தது. அலுமினியச் சேர்மம் டைட்டேனியத்திலிருந்து ஒரு குளோரினை எடுத்துவிட்டுக் கார்பன் கை ஒன்றை ஒட்டிவைக்கிறது, பக்கத்தில் ஓர் இடம் காலி. ஐசோப்ரீன் அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்கிறது, கார்பன் கையோடு இணைகிறது, இடம் மறுபடி காலி. அடுத்தது வருகிறது. இடத்தின் வடிவம் இறுக்கமாக இருப்பதால் வருகிற ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் உட்கார முடியும். ஈரக் காற்றில் தண்ணீர் வந்து ஒட்டிய அதே காலி இடம், மா. தண்ணீர் ஒட்டினால் புகை, ஐசோப்ரீன் ஒட்டினால் ரப்பர். அதனால்தான் இந்த வினைக்குப் பாத்திரம், கரைப்பான், ஐசோப்ரீன் எல்லாம் எலும்பு போல உலர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் வினையூக்கி செத்துவிடும்.

இப்போது மங்கில் இருக்கும் பாலை நினைத்துப் பார். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். ரப்பர் 30 முதல் 40 சதவீதம். மரம் அந்தத் தண்ணீருக்குள்ளேயே, 25, 30 டிகிரி வெயிலில், ஒரு நொதியையும் துணைக்கு மெக்னீசியத்தையும் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு சிஸ் ரப்பரைக் கோக்கிறது. ஆலைக்கு ஆகாத தண்ணீரிலேயே மரம் வேலை செய்கிறது. முப்பது வருடம் பாலை நிறுத்து, காய்ச்சி, உலர்த்தி அளந்தவன் நான். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தோட்டங்களில் பால்மரம் குறைந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்ததற்கு இந்தக் கண்டுபிடிப்புதான் காரணம் என்று சில பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்வது சரியில்லை. மரத்து ரப்பரோடு சந்தையில் மோதிய செயற்கை ரப்பரில் பெரும்பங்கு ஸ்டைரீன் பியூட்டாடையீன் வகை, இரண்டாம் உலகப் போரின்போதே பெருகிவிட்டது, அதற்கும் டைட்டேனியத்துக்கும் தொடர்பில்லை. டைட்டேனியம் வழி வந்த ரப்பர் மரத்து ரப்பருக்கு மிக நெருங்கிய தங்கை, ஆனாலும் இன்றும் விமானச் சக்கரத்துக்கும் பெரிய லாரி டயருக்கும் மரத்து ரப்பரைத்தான் தேடுகிறார்கள். இழுக்கும்போது அதன் சங்கிலிகள் சட்டென ஒழுங்காக அடுக்கிக்கொண்டு கிழிசலைத் தடுக்கும். சங்கிலி நுனியில் ஒட்டியிருக்கும் புரதமும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையும் அந்த உறுதிக்குக் கைகொடுக்கின்றன.

மற்ற பயன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளையிடும் ஊசியின் முனையில் தங்க நிறம் பார்த்திருப்பாய், அது டைட்டேனியம் நைட்ரைடு, இந்தத் திரவத்தின் ஆவியை நைட்ரஜன், ஹைட்ரஜனோடு சூடாக்கியும் அதைப் பூசலாம். போர்க் காலங்களில் கப்பலை மறைக்கப் புகைத்திரை விட்டார்கள். ஆய்வுக்கூடத்துப் புகைக்கூண்டு சரியாக இழுக்கிறதா என்று பார்க்கச் சின்னக் கண்ணாடிக் குழாயில் அடைத்த இந்தப் புகையை இன்றும் பயன்படுத்துவது உண்டு. எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான் சோதித்தார்கள்.

பாட்டி இன்னொன்று கேட்பார் என்று நினைக்கிறேன்: ஆலையில் செய்த ரப்பரும் கட்டிப்பால், அதாவது மங்கிலேயே உறைந்த பால், மாதிரி நாறுமா? நாறாது. அந்த நாற்றம் பாலில் உள்ள புரதமும் மற்றவையும் அழுகுவதால் வருவது, ஆலை ரப்பரில் மரத்துப் புரதம் கிடையாது. மரத்துப் பாலில் செய்த கையுறை போட்டால் தோல் தடித்து மூச்சு முட்டும் ஒவ்வாமை சிலருக்கு உண்டு, அதைத் தூண்டுவதும் அந்தப் புரதம்தான். அப்படிப்பட்ட டாக்டர்களும் தாதியர்களும் செயற்கைப் பாலிஐசோப்ரீன் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பாலிஐசோப்ரீனில் லித்தியம் வழியில் செய்ததும் உண்டு. தொட்டுப் பார்த்தால் மரத்துப் பால் கையுறை மாதிரியே மெத்தென்று இருக்கும். பாட்டி கையில் ஒன்றைக் கொடுத்துப் பார், இழுத்துப் பார்த்துவிட்டு அவரே சொல்வார்.